மற்றவர்களுக்காக ‘நான்’ என்று சொன்னவள்

போன வருடம் தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நான் இறந்துபோனேன். அந்த விஷயம் எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. நான் அப்போது பாயான் பாரு பாசாரில் கெம்போங் மீன் வாங்க நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டில் என் கணவர்தான் போனை எடுத்திருக்கிறார். பட்டர்வொர்த்திலிருந்து அவருடைய ஒன்றுவிட்ட தம்பி.

“அண்ணே, அண்ணி போயிட்டாங்களாமே?”

“ஆமா, போயிட்டா. பத்து மணிக்குள்ள வந்துருவா.”

தம்பி மெதுவாக, “எத்தன மணிக்குண்ணே போனாங்க?” என்று கேட்டிருக்கிறார்.

“ஏழரைக்கு.”

“யாரு பக்கத்துல இருந்தா?”

“யாரும் இல்ல, தனியாத்தான் போனா. பைய மட்டும் எடுத்துக்கிட்டா.”

நான் மீனோடு வீடு வந்தபோது வாசலில் மூன்று மோட்டர் சைக்கிள்கள் நின்றன. எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்த்ததும் தன் கையில் இருந்த பூமாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

நடந்தது இதுதான். எங்கள் காது கேளாதோர் சங்கம், சைகைமொழி உரைபெயர்ப்பு படிக்கும் மாணவர்களுக்கு ஓர் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தி அதற்கு என் பெயரை வைத்தது. சங்கத்தின் செயலாளர் பிரவீன் அறிவிப்பை வாட்ஸ்அப்பில் போட்டார். அதில் ‘தனலெட்சுமி நினைவு உபகாரச் சம்பளம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மேலே என் கறுப்பு வெள்ளைப் படம்.

“சாரி அக்கா, டெம்ப்ளேட்ல அந்த வார்த்த இருந்துச்சு, நான் பாக்கல” என்றார் பிரவீன்.

“கறுப்பு வெள்ளையும் டெம்ப்ளேட்டா தம்பி?”

“அது கிளாசிக்கா இருக்கும்னு நான் போட்டேன் அக்கா.”

திருத்திய அறிவிப்பு அன்று மாலையே வந்தது. பிறகு மாணவர்களுக்கான மலருக்கு என் வேலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரும்படி பிரவீன் கேட்டார். “உயிரோட இருக்கீங்கன்னு ப்ரூஃபாவும் இருக்கும்லா” என்றார். அதனால் எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்குச் சேவை மனப்பான்மையோடு வந்தேன் என்று மேடைகளில் சொல்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. வம்பு பேசத்தான் வந்தேன்.

பதினைந்து வயதில், படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்திவிட்டு, பாயான் பாருவை ஒட்டிய தொழிற்பேட்டையில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சேர்ந்தேன். எட்டு மணி நேரமும் லைனில் உட்கார்ந்து பூதக்கண்ணாடிக்குள் பார்க்கும் வேலை. பேசக்கூடாது. பேசினால் சூப்பர்வைசர் பெயரை எழுதிக்கொள்வார். எனக்கோ வாயை மூடிக்கொண்டு இருப்பது பட்டினி கிடப்பது மாதிரி. என் எதிர் வரிசையில் லே ஹூன் என்று ஒரு பெண் இருந்தாள். காது கேளாதவள். அவளும் அவளுடைய சிநேகிதியும் சூப்பர்வைசரின் மூக்குக்கு முன்னால் நாள் முழுக்கக் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசரின் சட்டத்தில் கை பேசக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். என்ன சிரிப்பு என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மதிய இடைவேளையில் லே ஹூனுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்து ஒவ்வொரு வார்த்தையாகக் கற்றுக்கொண்டேன். ஆறு மாதத்தில் எனக்குப் புரிய ஆரம்பித்தது. இரண்டு பேரும் பெரும்பாலும் என்னைப் பற்றித்தான் சிரித்திருக்கிறார்கள். காது கேளாதவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள். எனக்கு வைத்திருந்தது, வாய்க்குப் பக்கத்தில் நான்கு விரலும் கட்டைவிரலும் வாத்தின் அலகு மாதிரி திறந்து திறந்து மூடுவது. அந்தப் பெயர்தான் இன்றுவரை எனக்கு.

பதினைந்து வருடம் கழித்து, லே ஹூன் கர்ப்பமானபோது கிளினிக்குக்குத் துணைக்குக் கூப்பிட்டாள். டாக்டர் அவளைக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். காலையில் வாந்தி உண்டா? உண்டு டாக்டர். சத்து மாத்திரை சாப்பிடுகிறாளா? எங்கே டாக்டர், சொன்னால் கேட்கிறாளா! கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. வெளியே வந்ததும் லே ஹூன் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“டாக்டர் என்ன கேட்டார்?” என்று கையால் கேட்டாள். “நான் என்ன பதில் சொன்னேன்?”

அடுத்த வாரம் அவள் என்னைச் சங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போய் மிஸ் ஓங் முன்னால் நிறுத்தினாள். உதவி செய்ய ஆள் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன். புகார் கொடுக்கக் கொண்டுவந்திருக்கிறாள்.

மிஸ் ஓங் சங்கத்தில் உரைபெயர்ப்புப் பிரிவின் தலைவர். நான்கு வயதில் காய்ச்சலில் காது போனவர். என்னைவிட ஏழு வயது இளையவர். சைகையில் ‘நீ’க்கும் ‘நீங்க’வுக்கும் ஒரே விரல்தான், அதனால் அவர் எனக்கு மரியாதை கொடுத்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் முகத்தை வைத்துப் பார்த்தால் ‘நீ’தான் பொருந்துகிறது. அப்படியே எழுதுகிறேன்.

லே ஹூன் சொன்னதையெல்லாம் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: “குழந்தை உனக்கா, அவளுக்கா?”

“அவளுக்கு.”

“அப்படியானால் அவள் வயிற்றைப் பற்றி அவள் பேசட்டும். திங்கட்கிழமை வகுப்புக்கு வா.”

மூன்று வருடம் வாரத்தில் மூன்று நாள் போனேன். அதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். முதல் வருடம் என் கை தவறு என்றார். இரண்டாம் வருடம் என் முகம் தவறு என்றார். மூன்றாம் வருடம் ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ஃபேக்டரி வேலையை விட்டேன்.

மிஸ் ஓங்கின் நடைமுறைகளை இன்றைய மாணவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். வேலைக்குப் போகும்போது கோடு, பூ எதுவும் இல்லாத கருநிறச் சட்டை. வளையல் கூடாது, மோதிரம் கூடாது, நகப்பூச்சு கூடாது. தாலிக்கொடியைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். “அவர்கள் உன் கையைப் படிக்க வந்திருக்கிறார்கள், நகைக்கடையைப் பார்க்க வரவில்லை” என்பார். நிற்கும் இடத்தையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பேசுகிறவருக்குப் பக்கத்தில், அரை அடி பின்னால். காது கேளாதவர் ஒரே பார்வையில் இரண்டு பேரையும் பார்க்க வேண்டும். ஜன்னலுக்கு முன்னால் நின்றால் நம் முகம் இருட்டாகிவிடும். அதற்காக ஓர் அமைச்சரையே நாற்காலியோடு நகரச் சொல்லியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி: ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்லக்கூடாது. அவர் ‘எனக்கு வலிக்கிறது’ என்று கையால் சொன்னால் நாம் வாயால் ‘எனக்கு வலிக்கிறது’ என்று சொல்ல வேண்டும். எதையும் சேர்க்கக்கூடாது, எதையும் விடக்கூடாது.

கேட்பதற்குச் சுலபம். எனக்கு நாற்பத்தெட்டு வயதானபோது, ஆஸ்பத்திரியில் ஒரு திரைக்குப் பின்னால் நின்று, தெளிவான தமிழில், “எனக்கு நாள் தள்ளிப்போச்சு டாக்டர், மூணு மாசம் ஆச்சு” என்றேன். பக்கத்துக் கட்டிலில் எங்கள் கோயில் மாதர் அணித் தலைவி படுத்திருந்தது எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என்னைத் தரையில் உட்காரவிடாமல் நாற்காலி போட்டார்கள். யாருக்காகப் போனேன் என்று சொல்ல முடியாது, அதுவும் விதி. ஆறு மாதத்துக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு குழந்தையைக் காணோம் என்று வேறு பேசிக்கொண்டார்கள்.

இப்படி ‘நான்’ சொல்லிச் சொல்லியே நான் வங்கியில் கடன் கேட்டிருக்கிறேன், விவாகரத்து வாங்கியிருக்கிறேன், தலைமையாசிரியரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், ஒரு முறை புரோஸ்டேட் பரிசோதனைக்கும் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒரே ஒரு நாள், என் ‘நான்’ எனக்கே தேவைப்பட்டது. இளையவர்கள் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ராமன் கதை.

ராமன் என்பது உண்மைப் பெயர் இல்லை. நிபோங் திபால் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் அண்ணனோடு இருந்தவர். நாற்பது வயது. பிறவியிலேயே காது கேட்காது. பள்ளிக்கூடம் போனதில்லை. மோட்டர் சைக்கிள் திருடியதாக அவர்மேல் வழக்கு. ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலிருந்து சங்கத்துக்கு அழைப்பு வந்தது, என்னை அனுப்பினார்கள்.

எங்கள் தீவிலிருந்து பத்து காவான் வழியாகப் பெருநிலத்துக்குப் போகும் இரண்டாவது பாலம் அப்போது இல்லை. இருந்த ஒரு பாலத்தில் லாரி ஒன்று நடுவில் நின்றுவிட்டது. வழக்கமாக முக்கால் மணி நேரம் முன்னால் போய்விடுவேன். வழக்கு தொடங்கும் முன் அந்த மனிதரோடு பத்து நிமிடம் பேச வேண்டும் என்பது மிஸ் ஓங்கின் நடைமுறை. வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது. சாப்பிட்டாச்சா, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று சும்மா பேச வேண்டும். அவருடைய சைகை எப்படிப்பட்டது, நம்முடையது அவருக்குப் புரிகிறதா என்று அதில் தெரிந்துவிடும். அன்று நான் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது ராமனின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு நின்றேன். குற்றச்சாட்டை மலாயில் வாசித்தார்கள். நான் கையால் சொன்னேன். ராமன் என் கைகளை மிகவும் ரசித்துப் பார்த்தார், தலையாட்டினார். “புரிந்ததா?” தலையாட்டினார். “குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?” தலையாட்டினார்.

எழுத்தர் எழுத ஆரம்பித்தார். எனக்கு ஏதோ உறுத்தியது. கடைசிக் கேள்விக்கு, என் கை முடிவதற்கு முன்னாலேயே அவர் தலை ஆடிவிட்டது. கேள்வி முடியாமல் பதில் எப்படி வரும்?

உரைபெயர்ப்பவர் கருத்துச் சொல்லக்கூடாது. ஆனால் உரைபெயர்ப்பே நடக்கவில்லை என்றால் அதைச் சொல்லியாக வேண்டும். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. அப்போது ‘நான்’ என்று சொன்னால், அது ராமன் சொன்னதாகிவிடும். அதனால் நம்மை நாமே மூன்றாம் ஆள் மாதிரி சொல்ல வேண்டும்.

“யாங் அரிஃப்,” என்றேன். மாஜிஸ்திரேட்டை அப்படித்தான் அழைக்க வேண்டும். “உரைபெயர்ப்பாளர் பேச அனுமதி கேட்கிறார்.”

மாஜிஸ்திரேட் ஓர் இளம் பெண். கண்ணாடியைக் கழற்றினார். “எந்த உரைபெயர்ப்பாளர்?”

“நான்தான், யாங் அரிஃப்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். “இவருக்குச் சைகை புரிகிறது என்று உரைபெயர்ப்பாளரால் உறுதி சொல்ல முடியவில்லை” என்றேன்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் பொறுமை இழந்தார். “மூன்று முறை தலையாட்டினாரே! எல்லாரும் பார்த்தோம்.”

“அந்தத் தலையாட்டலை ‘ஆம்’ என்று உரைபெயர்ப்பாளரால் மொழிபெயர்க்க முடியாது. வழக்குக்குச் சம்பந்தமில்லாத இரண்டு கேள்விகள் கேட்க அனுமதி வேண்டும்.”

மாஜிஸ்திரேட் அனுமதித்தார். நான் ராமனைப் பார்த்து, “உங்கள் பெயர் தனலெட்சுமியா?” என்று கையால் கேட்டேன், வாயாலும் சொன்னேன். ராமன் தலையாட்டினார். “நீங்கள் ஒரு பெண்ணா?” நன்றாகச் சிரித்துக்கொண்டே, பலமாகத் தலையாட்டினார்.

நீதிமன்றமே சிரித்தது. எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து ராமனும் சந்தோஷமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னவென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. யாராவது உன்னைப் பார்த்து வாயை அசைத்தால் சிரி, தலையாட்டு, விட்டுவிடுவார்கள். நாற்பது வருடத்தில் நாம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது அவ்வளவுதான். அதே சிரிப்போடு ஜெயிலுக்குப் போயிருப்பார்.

மாஜிஸ்திரேட் மட்டும் சிரிக்கவில்லை. “இவருக்குப் புரியவைக்க யாரால் முடியும்?” என்று கேட்டார்.

“ஒருவர் இருக்கிறார், யாங் அரிஃப். ஆனால் அவருக்கும் காது கேட்காது.”

வழக்கு இரண்டு நாள் தள்ளிவைக்கப்பட்டது. ஜாமீன் எடுக்க ஆள் இல்லை. அண்ணன் லாரி ஓட்டிக்கொண்டு ஜொகூர் போயிருந்தார். ராமனை லாக்கப்புக்குக் கூட்டிப் போனார்கள். போகும்போது என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மறு விசாரணைக்கு மிஸ் ஓங் விடியற்காலையிலேயே வந்துவிட்டார். அதற்குள் ஜொகூரிலிருந்து வந்துவிட்ட அண்ணனையும் ராமனையும் எதிரெதிரே உட்காரவைத்து, அவர்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்ளும் சைகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டார். மீசையை முறுக்கினால் அண்ணன். இடுப்பு பெல்ட்டைத் தொட்டால் போலீஸ். மூக்கைப் பிடித்துக்கொண்டால் மீன், அப்படியே பாசார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு வெளியே போய், நடைபாதை அஞ்சடிக் கடை ஒன்றில் இரண்டு பொம்மை மோட்டர்கள் வாங்கிவந்தார். இரண்டும் சிவப்பு.

நீதிமன்றத்தில் நாங்கள் நின்ற விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மாஜிஸ்திரேட் மலாயில் கேட்பார். நான் அதைச் சைகைமொழியில் மிஸ் ஓங்குக்குச் சொல்வேன். மிஸ் ஓங் அதை உடைத்து, முகம், உடம்பு, மேசை, பொம்மை எல்லாவற்றையும் வைத்து ராமனுக்கு நடித்துக் காட்டுவார். பதில் அதே வழியில் திரும்பி வரும். ‘அன்று காலை எங்கே போனீர்கள்?’ என்ற ஒரு கேள்வி போய்வர ஆறு நிமிடம் ஆனது. மிஸ் ஓங் சூரியனை உதிக்கவைத்தார், ராமனைப் படுக்கையிலிருந்து எழுப்பினார், பல் துலக்கவைத்தார். வழக்கறிஞர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு முன்னால் சாய்ந்து பார்க்க ஆரம்பித்தார்.

ராமன் அன்று தலையாட்டவில்லை. முதல் முறையாக யாரோ தன்னிடம் பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பொம்மைகளை வாங்கிக்கொண்டார். ஒன்றை மேசையின் ஓரத்தில் நிறுத்தினார். இன்னொன்றைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து அதன் பக்கத்தில் நிறுத்தினார். சாவியைத் திருகி எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். மூக்கைப் பிடித்துக்கொண்டு மீன் வாங்கினார். திரும்பி வந்து, ஏற்கெனவே நின்றிருந்த முதல் மோட்டரில் சாவியைப் போட்டார். திருகினார். அது கிளம்பியது. ஓட்டிக்கொண்டு போனார். பெல்ட்டைத் தொட்டார், போலீஸ் பிடித்தது.

அவர் ஓட்டிவந்த பொம்மை மேசையிலேயே நின்றது.

மாஜிஸ்திரேட் எட்டிப் பார்த்தார். “அந்த மோட்டர் யாருடையது?”

கேள்வி எங்கள் மூவரையும் கடந்து போய் வந்தது. ராமன் மீசையை முறுக்கினார். அண்ணனுடையது.

“அது இப்போது எங்கே?”

இந்தக் கேள்வி போய்ச் சேர்ந்ததும் ராமனுக்குக் கோபம் வந்தது. மூக்கைப் பிடித்தார். பொம்மையை எடுத்து அதே இடத்தில் டக்கென்று வைத்தார். மறுபடி எடுத்து மறுபடி வைத்தார். அங்கேதான் நிற்கிறது, இத்தனை பேர் இருந்துகொண்டு யாரும் போய்ப் பார்க்கவில்லையா? மிஸ் ஓங் அதை எனக்குச் சொன்னார். நான் ராமனாக, உரத்த குரலில் சொன்னேன்: “அங்கேயேதான் நிக்குது! நான் விட்ட இடத்துலயே நிக்குது!”

பின்வரிசையில் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். தன் மோட்டரையும் போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது என்று அவர் நினைத்திருந்தார். ராமன் பஸ்ஸில் வந்து திருடினார் என்று போலீஸ் நினைத்திருந்தது.

மாஜிஸ்திரேட் மதியம் வரை நேரம் கொடுத்து ஆள் அனுப்பச் சொன்னார். மதியம் விசாரணை அதிகாரி எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “மோட்டர் இருக்கிறது, யாங் அரிஃப். அதே சிவப்பு, அதே பழைய மாடல். சாவித் துவாரம் தேய்ந்துபோய் இரண்டு சாவியும் இரண்டுக்கும் பொருந்துகிறது” என்றார். சற்று யோசித்துவிட்டு, “அதில் கோழி கட்டியிருந்தார்கள்” என்றார்.

வழக்கு திரும்பப் பெறப்பட்டது. வெளியே அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ராமன் என்னிடம் வந்து, என் கையைக் காட்டி, பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். எனக்கு அழுகை வந்தது. பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையோடு மிஸ் ஓங் பக்கம் திரும்பினேன்.

“முதல் நாள் எத்தனை மணிக்கு வந்தாய்?” என்று கேட்டார்.

சொன்னேன். பாலத்தில் லாரி நின்றதையும் சொன்னேன்.

“பத்து நிமிடம் முன்னால் பேசியிருந்தால் உனக்கு அப்போதே தெரிந்திருக்கும். என்னை அன்றைக்கே கூப்பிட்டிருப்பாய். இரண்டு ராத்திரி அவர் உள்ளே இருந்தார். அந்த இரண்டு ராத்திரியும் உன்னுடையது.”

அதன்பின் ஓய்வு பெறும் நாள் வரை, எட்டு மணி வேலைக்கு ஆறரைக்கே போய் நின்றேன். பூட்டிய கதவுகளுக்கு முன்னால் நின்று நான் சாப்பிட்ட நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களை அடுக்கினால் கொம்டார் கோபுரத்தின் உச்சியைத் தொடும்.

இப்போது உபகாரச் சம்பளத்துக்கு வருகிறேன். அதற்கான குழுவில் நன்கொடை கொடுத்த டத்தோ தலைவர். டத்தோ என்பது மாநிலம் கொடுத்த பட்டம்; ஆள் இரும்புச் சாமான் வியாபாரி, நல்ல மனிதர், மைக்கைக் கண்டால் மட்டும் விடமாட்டார். பிரவீன், மிஸ் ஓங், நான் ஆகிய மூவரும் உறுப்பினர்கள். மிஸ் ஓங்கும் என்னை மாதிரி ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் அவர் முகம் ஓய்வு பெறவில்லை. முதல் கூட்டத்தில் பிரவீன் தகுதிகளை வாசித்தார். பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வில் ஐந்து பாடத்தில் கிரெடிட், ஆங்கிலம் கட்டாயம்.

“டத்தோ, இந்த ஸ்காலர்ஷிப் எனக்கே கிடைக்காது” என்றேன். “நான் படிவம் மூணோட நின்னவ.”

“அது அந்தக் காலம்லா அக்கா. இப்ப ஸ்டாண்டர்ட்னு ஒண்ணு வேணும்ல?” என்றார் பிரவீன்.

“வேணும். எந்த ஸ்டாண்டர்ட்?”

முக்கால் மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் மிஸ் ஓங் மேசையைத் தட்டினார். “முதலில் காது கேளாத மூன்று பேர் அரை மணி நேரம் நேர்காணல் செய்யட்டும். வாய்ப்பேச்சே கூடாது. சான்றிதழை அதற்குப் பிறகு பார்க்கலாம்.” டத்தோவுக்கு வேறொரு திறப்பு விழா இருந்தது. ஒப்புக்கொண்டுவிட்டுக் கிளம்பினார்.

விண்ணப்பித்தவர்களில் ஒரு பெண்ணுக்கு எட்டு ஏ. கை அவ்வளவு அழகு. நேர்காணல் செய்தவர்களில் ஒருவர் படகோட்டி, விரல் இரண்டு இல்லாதவர், வேகமாகப் பேசுவார். அவர் ஏதோ கேட்டார். அந்தப் பெண் இனிமையாகச் சிரித்துத் தலையாட்டினாள். அவர் கேட்டது ‘உன் அம்மா பெயர் என்ன?’ என்று.

அடுத்து ஷகிலா வந்தாள். முப்பத்தோரு வயது, இரண்டு பிள்ளைகள், நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் இருப்பவள். சாப்பாடு டெலிவரி செய்யும் காது கேளாத பையன்கள் தினம் பத்துப் பேர் அவளிடம் வருவார்களாம், அவர்களிடம் கற்றுக்கொண்டாளாம். படகோட்டி அதே வேகத்தில் கேட்டார். ஷகிலா கையை உயர்த்தி நிறுத்தினாள். “புரியல. மறுபடி சொல்லுங்க.” அவர் சொன்னார். “இன்னும் புரியல. மெதுவா.” மூன்றாம் முறை புரிந்துகொண்டு பதில் சொன்னாள். சொல்லும்போது நடுவில் ஒரு சைகை போட்டாள். படகோட்டி நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். நான் கூரையைப் பார்த்தேன். மிஸ் ஓங் சிரித்து அன்றுதான் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பாவம், அந்த டெலிவரிப் பையன்கள் அதற்கு ‘ரொம்ப நல்லது’ என்று அர்த்தம் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு கிரெடிட் வாங்கிய ஷகிலாவுக்கே உபகாரச் சம்பளம் போனது.

பரிசளிப்பு விழாவுக்கு டத்தோவின் தேதி கிடைக்கப் பத்து மாதம் ஆனது. அதற்குள் ஷகிலா வகுப்பில் இரண்டு பருவம் முடித்துவிட்டாள். ஜார்ஜ் டவுனில் ஒரு மண்டபம், பகல் விருந்து. பின்னால் சாப்பாட்டு மேசைகள், முன்னால் இரண்டு வரிசை காது கேளாதவர்கள். டத்தோ பேச ஆரம்பித்தார். மண்ணெண்ணெய் விளக்கில் படித்த கதையிலிருந்து ஆரம்பித்தார். உரைபெயர்ப்பாளர்கள் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மாற வேண்டும். மாற்றாள் அன்று காய்ச்சலில் வரவில்லை. ஐம்பது நிமிடம் தனியாகக் கையை ஆட்டிய என் பழைய மாணவி, டத்தோ முடித்ததும் நாற்காலியில் சரிந்துவிட்டாள்.

என்னை அழைத்தார்கள். நான் சைகையில்தான் பேசுவேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். குரல் கொடுக்க ஆள் வேண்டும். முன்வரிசையிலிருந்து மிஸ் ஓங் விரலை நீட்டி ஷகிலாவைக் காட்டினார். ஷகிலா எழுந்து வந்து மைக்கைப் பிடித்தாள்.

எனக்குக் காதில் பழைய விஷமம் கிசுகிசுத்தது. எழுதி வைத்திருந்ததை மடித்துப் பைக்குள் போட்டேன். கையை உயர்த்தினேன்.

“டத்தோவின் பேச்சு மிகவும் நீளம். எனக்குக் கால் வலிக்கிறது. பிரியாணி ஆறிக்கொண்டிருக்கிறது.”

முன் இரண்டு வரிசையும் வெடித்துச் சிரித்தது. மற்றவர்கள் என்னவென்று புரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என் தொழிலில் எப்போதும் காது கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், நாங்கள் கையால் சொல்லி முடித்த பிறகு காது கேளாதவர்கள் சிரிப்பார்கள். அன்று மண்டபம் முழுக்க ஷகிலாவின் வாயைப் பார்த்துக் காத்திருந்தது. அவள் டத்தோவைப் பார்த்தாள். பிறகு, ஒரு சொல்லும் குறையாமல், தெளிவாக, “டத்தோவோட பேச்சு ரொம்ப நீளம். எனக்குக் கால் வலிக்குது. பிரியாணி ஆறிக்கிட்டு இருக்கு” என்றாள்.

சிரிப்பு எழுந்து அடங்கியது. டத்தோ என்னைப் பார்க்கவில்லை. யார் பேசினாலும் எல்லாரும் குரல் வரும் இடத்தைத்தான் பார்ப்பார்கள். முகம் சிவந்து ஷகிலாவைப் பார்த்து, “ஏம்மா, ஒரு பெரிய மனுஷன மேடையில வச்சுக்கிட்டு இப்படியா பேசுறது?” என்றார்.

ஷகிலா மைக்கை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள். டத்தோவின் சுளித்த புருவம், தூக்கிய மோவாய் எல்லாவற்றோடும், அவர் கேட்டதை வார்த்தைக்கு வார்த்தை எனக்குக் கையால் சொன்னாள்.

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். டத்தோ என்னிடமிருந்து மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். இருந்தாலும் அவள் கை கீழே இறங்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.